பதினாலாம் பெட் ஆமை

ஒரு காட்டில் எந்த வளைக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரு வருங்கால டாக்டர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது. குட்டி பிறந்ததும் கண் திறந்திருக்கிறதா, கால் நாலும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே பெற்றவர்கள் அதன் காதில் "டாக்டர்" என்று ஓதிவிடுவார்கள். குயில் மட்டும் தப்பித்தது. அது காக்கையின் கூட்டில் முட்டை இட்டுவிட்டுப் போய்விடுவதால், குயில் குஞ்சை டாக்டராக்கும் கவலையும் காக்கையின் தலையில்தான் விழுந்தது.

காட்டின் நடுவில் ஒரு மருத்துவக் கல்லூரி இருந்தது. அதில் சேர ஒரு நுழைவுத் தேர்வு, ஏழு சான்றிதழ்கள், கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டிய ஒரு படிவம். "தோலா, இறகா, செதிலா" என்று அதில் ஒரு கட்டம் உண்டு. "வாலின் நீளம்" என்று இன்னொரு கட்டம். ஒரு பல்லி படிவத்தைப் பாதி நிரப்பிக்கொண்டிருக்கும்போது ஏதோ சத்தம் கேட்டுப் பயந்து வாலை விட்டுவிட்டது. ஏற்கெனவே எழுதிய நீளத்தைத் திருத்த வழி இல்லை. அது கடைசியில் பி.காம். படிக்கப் போனது, இப்போது நன்றாக இருக்கிறது என்று கேள்வி.

நம் கதை அந்தக் கல்லூரியில் படித்த மதுவந்தி என்ற கீரிப்பிள்ளையைப் பற்றியது. அவள் பெரிய கெட்டிக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டிக்காரர்களை வைத்துக் கதை சொல்ல முடியாது. நாலரை வருடத்தில் பாஸாகிக் கிளம்பிவிடுவார்கள். மதுவந்தி பொறுமைசாலி. முதல் வருடம் ஒரு சீனியர் நரி அவளுக்கு எலும்புப் பெட்டி ஒன்றைக் கைமாற்றிவிட்டது. அதில் இருந்த இரண்டு தொடை எலும்புகளும் இடது பக்கத்து எலும்புகள். வலது எலும்பு எது என்று அவள் ஒரு வருடம் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தப்பு தன் கண்ணில்தான் இருக்கும் என்று நம்பிக் கண்ணாடிகூடப் போட்டுக்கொண்டாள்.

அவளிடம் இன்னொரு குணமும் இருந்தது. நோயாளி பேசினால் முழுதாகக் கேட்பாள். மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு ஆபத்தான குணம் என்பது கடைசி வருடத்துப் பிராக்டிகல் தேர்வில் தெரிந்தது.

அந்தத் தேர்வு எப்படி நடக்கும் என்றால், வார்டில் இருக்கும் நோயாளிகளின் பெட் நம்பரைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுவார்கள். எந்தச் சீட்டு வருகிறதோ அந்த நோயாளி உங்களுக்கு. முக்கால் மணி நேரம் அவரோடு பேசி, தொட்டு, தட்டி, குழாய் வைத்துக் கேட்டு, என்ன நோய் என்று எழுத வேண்டும். பிறகு இரண்டு தேர்வாளர்கள் வந்து கேள்வி கேட்பார்கள். முதல் தடவை மதுவந்திக்கு ஒரு கிளி வந்தது. "உங்களுக்கு எப்போதிலிருந்து உடம்பு சரியில்லை" என்று கேட்டாள். கிளி தன் கதையைத் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் முடிந்து மணி அடித்தபோது கிளி இன்னும் முட்டையை விட்டு வெளியே வரவில்லை. மதுவந்தி ஃபெயில்.

வீட்டில் அம்மா அதற்கு முன்பே "டாக்டர் மதுவந்தி, எம்.பி.பி.எஸ்." என்று பலகை எழுதி வளை வாசலில் மாட்டியிருந்தார். ரிசல்ட் வந்ததும் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். காற்று அடித்தால் சாக்கு விலகி "டாக்டர்" மட்டும் தெரியும். உடனே அக்கம்பக்கத்தில் இருந்து இரண்டு மூன்று பேர் இருமிக்கொண்டு வந்து நிற்பார்கள். அம்மா வெட்கத்தோடு அவர்களைத் திருப்பி அனுப்புவார். அப்பா அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு தடவை ஃபெயிலானால் அது அடுப்புக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஹவுஸ் சர்ஜனாகி, கழுத்தில் குழாயும் முகத்தில் தூக்கக் கலக்கமுமாகப் பெருமையோடு திரிந்தார்கள். மதுவந்திக்கு அவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிந்தது. எப்படியாவது பாஸாகிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும்.

அவளோடு ஃபெயிலாகியிருந்த இன்னொருவன் பரணிதரன் என்ற அணில். மற்ற அணில்கள் கொட்டை சேர்த்துவைக்கும். பரணிதரன் பழைய கேள்வித்தாள் சேர்த்துவைப்பான். இரண்டாம் முறைத் தேர்வுக்கு முந்தின நாள் அவன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

"சீனியர் லிஸ்ட். மனப்பாடம் பண்ணிட்டுக் கிழிச்சுப் போட்டுடு."

காகிதத்தில் இப்படி எழுதியிருந்தது. பெட் 3: கரடி, கல்லீரல் வீக்கம். தொட்டால் கூச்சத்தில் சிரிக்கும், மிரளாதே. பெட் 9: கொக்கு, ஆஸ்துமா. ஒரு காலில் நிற்பது நோய் இல்லை, அதை எழுதி மாட்டிக்கொள்ளாதே. பெட் 14: ஆமை, மயிட்ரல் ஸ்டெனோசிஸ். மர்மர் கேட்காது. கேட்டதாக எழுதவும்.

இதயத்தின் இடது பக்கத்து வால்வு ஒன்று சுருங்கிப்போனால் அதற்குத்தான் அந்தப் பெயர். லப், டப் என்ற வழக்கமான சத்தத்தோடு, ஏதோ உருளுவதுபோலத் தாழ்ந்த குரலில் இன்னொரு சத்தமும் கேட்கும். அதை டாக்டர்கள் மர்மர் என்பார்கள்.

"கேட்காததை எப்படிடா கேட்டதா எழுதறது?" என்றாள் மதுவந்தி.

"பேனாவாலதான்" என்றான் பரணிதரன். "பதினோரு வருஷமா எல்லாரும் எழுதியிருக்காங்க. பதினாலாம் பெட் கிடைச்சவங்க ஒருத்தர்கூட ஃபெயிலானதில்ல. அது கிடைக்கணும்னு வேண்டிக்க."

மறுநாள் மதுவந்தி கண்ணை மூடிக்கொண்டு சீட்டை எடுத்தாள். பதினாலு. பரணிதரன் பொறாமையில் வாலைக் கடித்துக்கொண்டான். அவனுக்குச் சிரிக்கிற கரடி.

பதினாலாம் பெட்டில் சங்கிலிமுத்து என்ற கிழட்டு ஆமை தலையை நீட்டி அவளுக்காகக் காத்திருந்தது.

"வா தாயி. எத்தனாவது தடவை?"

"ரெண்டாவது தாத்தா."

"பயப்படாத. நோட்டைத் திற. பேரு சங்கிலிமுத்து. வயசு நூத்து நாப்பத்தாறு. மூச்சு வாங்குது, படியேறினா ஜாஸ்தி. படுக்க ரெண்டு தலகாணி வேணும். சின்ன வயசுல தொண்டை வலி, அப்புறம் மூட்டு மூட்டா வீக்கம். ருமாட்டிக் ஃபீவர்னு நீயே போட்டுக்க. எழுதிட்டியா, இல்ல மெதுவாச் சொல்லட்டா?"

ஆமை ஒன்று ஒருவரைப் பார்த்து மெதுவாகச் சொல்லட்டுமா என்று கேட்டால் அவர் எவ்வளவு நிதானமானவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"நிஜமாவே மூச்சு வாங்குதா தாத்தா?" என்று கேட்டாள் மதுவந்தி.

"ஆமைக்கு மூச்சு வாங்குதா இல்லையான்னு யாருக்குத் தாயி தெரியும். நான் ஓடினதே இல்லையே."

மதுவந்தி குழாயை ஓட்டின்மேல் வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. பாறையில் வைத்துக் கேட்டமாதிரி இருந்தது. ஓட்டின் ஓரத்தில் வைத்தாள், கழுத்துப் பக்கம் வைத்தாள். அவள் சொந்த இதயம் அடித்துக்கொள்வதுதான் கேட்டது. இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தால் மர்மர் தெளிவாகக் கேட்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஆமையைச் சாய்த்துப் படுக்கவைப்பது பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. வார்டு அட்டெண்டர்களான இரண்டு காட்டெருமைகளைக் கூப்பிட்டுச் சாய்த்தாள். சங்கிலிமுத்து சக்கரம்போல உருண்டு பன்னிரண்டாம் பெட் வரைக்கும் போய்விட்டு வந்தார்.

"மூச்சை வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க தாத்தா."

நிறுத்தினார். ஒரு நிமிடம் ஆனது. மூன்று நிமிடம் ஆனது. ஐந்தாவது நிமிடத்தில் மதுவந்தி அவர் மூக்கின் முன்னால் விரலை வைத்துப் பார்த்தாள்.

"தாத்தா?"

"போதுமா? நீயாவது ஞாபகமாக் கேட்ட. போன வருஷம் ஒரு மான்குட்டி நிறுத்தச் சொல்லிட்டு, பரீட்சை முடிஞ்சு வீட்டுக்கே போயிருச்சு. மத்தியானச் சாப்பாடு வர்ற வரைக்கும் நிறுத்தியே வச்சிருந்தேன்."

மதுவந்தி குழாயைக் கழற்றினாள். இன்னும் பத்து நிமிடம் இருந்தது. லிஸ்டில் இருந்ததை எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பழக்கம் விடவில்லை.

"அது இருக்கட்டும் தாத்தா. உங்களுக்கு என்னதான் பண்ணுது?"

பதினோரு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. எல்லாரும் பதிலோடுதான் வந்தார்கள். கிழவர் தலையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"காலு வலிக்குது தாயி. வலது பின்னங்காலு."

மதுவந்தி குனிந்து பார்த்தாள். அந்த ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. பாதத்து மடிப்புக்குள் கறுப்பாக ஒரு முனை தெரிந்தது. முள்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"இங்க வந்ததே இதுக்குத்தானே. ஓ.பி.யில வரிசையில நின்னேன். நான் கால் வரிசைன்னு நினைச்சு நின்னது இதய வரிசை. தப்புன்னு தெரிஞ்சு நகர்ந்து வெளிய வர்றதுக்குள்ள, பின்னாடி நின்னவங்க உள்ள தள்ளிட்டாங்க. பெரிய டாக்டர் குழாயை வச்சுக் கேட்டாரு. அன்னைக்கு அவரு ஒரு கட்டுக் கரும்பைச் சாப்பிட்டுட்டு வந்திருந்தாரு. அவரு வயிறு கடகடன்னு உருண்டுச்சு. எனக்கே கேட்டுச்சு. என்ன அருமையான மர்மர்னு சொல்லி அட்மிட் பண்ணிட்டாரு."

"பதினோரு வருஷமா முள்ளோடயா இருக்கீங்க?"

"எங்க ஆயுசுக்குப் பதினோரு வருஷம்ங்கிறது பதினோரு நாள் மாதிரிதான். வலியை விடு. இதயத்தாலதான் கால் வீங்குதுன்னு நீர் மாத்திரை குடுக்கறாங்க பாரு, அதான் தாங்கல. இந்தக் காலை வச்சுக்கிட்டு பாத்ரூம் போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள அடுத்தது வந்துடுது. நான் பெட்ல படுத்தே பல நாள் ஆச்சு. எப்பவும் வழியிலதான் இருக்கேன்."

மதுவந்தி குனிந்து முள் முனையை இன்னொரு தடவை பார்த்தாள். சங்கிலிமுத்து தொடர்ந்து சொன்னார்.

"ஆனா நீ மர்மர்னே எழுதிடு தாயி. உனக்கு மார்க்கு. எனக்கும் இதயக்காரர்னா வார்டுல ஒரு மரியாதை இருக்கு. காலுக்கு வந்தவன்னு தெரிஞ்சா தரையில பாய் போட்டுடுவாங்க."

மதுவந்தி யோசித்தாள். அடுப்புக்குப் போகவிருந்த பலகையை நினைத்தாள். பிறகு பேனாவை எடுத்து, மர்மர் தெளிவாகக் கேட்டது, கால் வீக்கம் இதயக் கோளாறால் வந்தது என்று எழுதினாள். இந்த இடத்தில் அவளைத் திட்ட நினைப்பவர்கள் ஒரு தடவையாவது ஃபெயிலாகிப் பார்த்துவிட்டு வரவும்.

தேர்வாளர்கள் வந்தார்கள். ஒருவர் துறைத் தலைவரான யானை, டாக்டர் வேழமுத்து. அந்தக் கரும்புக்காரர் இவர்தான். இன்னொருவர் பக்கத்துக் காட்டிலிருந்து வந்த எக்ஸ்டர்னல், டாக்டர் நாகசுந்தரம். சாரைப்பாம்பு. ஸ்டெத்தைக் கழுத்தில் போட்டிருந்தார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவருக்குக் கழுத்து எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. பாம்புச் செவி என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் செவி எந்த இடத்தில் இருக்கிறது என்றும் யாரும் பார்த்ததில்லை. கீரிக்கும் பாம்புக்கும் பரம்பரையாக என்ன உறவு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் எக்ஸ்டர்னல் என்று வந்துவிட்டால் பரம்பரையாவது ஒன்றாவது. மதுவந்தி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "குட் மார்னிங் சார்" என்றாள்.

எழுதிவைத்ததை எல்லாம் தடங்கல் இல்லாமல் சொன்னாள். டாக்டர் நாகசுந்தரம் குழாயை ஓட்டின்மேல் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினார். பாம்பு சாதாரணமாகவே தலையை ஆட்டும் என்பது வேறு விஷயம்.

"பிரமாதம். இவ்வளவு தெளிவான மர்மரை எங்க காட்டுல நான் கேட்டதில்ல."

டாக்டர் வேழமுத்து மகிழ்ந்துபோனார். மதுவந்தியின் தாளில் மார்க் போடப் பேனாவையும் எடுத்துவிட்டார். எடுத்தவர், தற்செயலாக ஆமையின் காலைப் பார்த்தார்.

"வீக்கம் குறையவே இல்லையே. சிஸ்டர், நீர் மாத்திரையை இன்னையிலிருந்து ரெண்டா ஆக்கிடுங்க."

சங்கிலிமுத்து தலையையும் மூன்று காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். வீங்கின கால் மட்டும் உள்ளே போகாமல் வெளியே நின்றது.

அதைப் பார்த்ததும் மதுவந்தியால் தாங்க முடியவில்லை.

"சார், வீக்கம் ஒரு கால்லதான் இருக்கு. இதயத்தால வந்திருந்தா மத்த காலுக்கும் வந்திருக்கணும். இது முள்ளு சார்."

மூன்றாம் பெட்டில் கரடிகூடச் சிரிப்பதை நிறுத்தியது.

"மர்மர் கேட்டதுன்னு எழுதியிருக்கியே?" என்றார் யானை.

"கேக்கல சார். தப்பா எழுதிட்டேன்."

"எனக்குக் கேட்டதே" என்றார் பாம்பு.

கீரி வம்சத்தில் பிறந்த ஒருத்தி அந்த நேரத்தில் சொல்லக்கூடிய எத்தனையோ பதில்களை அடக்கிக்கொண்டு, "சரிங்க சார்" என்றாள் மதுவந்தி.

டாக்டர் வேழமுத்து கெட்டவர் இல்லை. அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "பதினோரு வருஷம்மா. எத்தனை பேட்ச். எல்லாருக்கும் கேட்டிருக்கு. உனக்கு மட்டும் கேக்கலன்னா ஒண்ணு ஸ்டெத்தை மாத்து, இல்லன்னா காதைக் காட்டு. அடுத்த தடவை பாக்கலாம்."

அவர்கள் கரடியைப் பார்க்கப் போனார்கள். ஃபெயிலாகிவிட்டதில் ஒரு வசதி இருக்கிறது. அதே நாளில் இன்னொரு தடவை ஃபெயிலாக்க முடியாது. மதுவந்தி குனிந்து, தன் கூர்மையான பற்களால் முள்ளைக் கவ்வி இழுத்தாள். ஒன்றரை அங்குலக் கருவேல முள், நுனி கறுத்து, அடியில் லேசாக வளைந்திருந்தது. சீழைத் துடைத்து மருந்து வைத்துக் கட்டினாள். சங்கிலிமுத்து அழுதார். மதுவந்தியும் அழுதாள், ஆனால் அவள் அழுதது வேறு காரணத்துக்காக.

பழைய காலத்துக் கதையாக இருந்தால் இங்கே வனதேவதை வந்து அவளுக்குப் பட்டம் கொடுத்திருக்கும். இந்தக் காட்டில் வனதேவதைக்கும் பிள்ளை இருந்தது, அதுவும் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தது. வனதேவதைக்கு வேறு எதற்கும் நேரம் இல்லை.

மதுவந்தி வீட்டுக்குப் போனாள். அப்பா கோடாலியை எடுத்தார். அம்மா பலகையைக் கழற்றிக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"என்னையும் சேத்து வெட்டிட்டு அடுப்புல வைங்க" என்றார் அப்பாவிடம். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இந்தா பாரு. நீ பண்ணினது நல்ல காரியம்தான், நான் இல்லேங்கல. அடுத்த தடவை அந்த நல்ல காரியத்தை எல்லாம் பாஸானதுக்கு அப்புறம் பண்ணு. அவங்க என்ன கேக்கறாங்களோ அதைச் சொல்லிட்டு வந்துடு."

கல்லூரியில் மறுநாள் ரவுண்ட்ஸில், பதினாலாம் பெட் தட்டில் கிடந்த முள்ளை டாக்டர் வேழமுத்து பார்த்தார். முதலில் ஒரு நல்ல கேஸைக் கெடுத்துவிட்டாளே என்று பிளிறினார். ஆனால் யானை பெரிய மனசுக்காரர். ஒரு வாரம் யோசித்துத் தப்பை ஒப்புக்கொண்டார். தன்னுடைய தப்பு என்று அல்ல, மருத்துவ உலகத்தின் தப்பு என்று. "ஓட்டு உயிரினங்களில் பாத முள்: பதினோரு ஆண்டுத் தொடர் கண்காணிப்பு" என்று ஒரு கட்டுரை எழுதினார். டாக்டர் நாகசுந்தரம் இணை ஆசிரியர். கட்டுரைக் கடைசியில் "ஒரு மாணவிக்கும்" நன்றி சொல்லியிருந்தது; எந்த மாணவி என்று அதற்குள் அவருக்கே மறந்துபோயிருந்தது. முள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் கல்லூரி மியூசியத்தில் வைத்தார்கள். கம்ப்யூட்டரிலும் மாற்றிவிட்டார்கள். பெட் 14, ஆமை, வலது பின்னங்காலில் முள்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் தேர்வு. அணில் பரணிதரன் புது லிஸ்டோடு வந்தான். அவனும் போன தடவை ஃபெயில்தான். கரடி சிரித்தபோது இவனும் சேர்ந்து சிரித்துவிட்டான்.

பெட் 14: ஆமை, பாத முள். முள் தெரியாது. தெரிந்ததாக எழுதவும்.

"எப்படித் தெரியும்? அதை நான்தானே எடுத்தேன்" என்றாள் மதுவந்தி.

"அதெல்லாம் நமக்கெதுக்கு?" என்றான் பரணிதரன்.

சீட்டை எடுத்தாள். பதினாலு. யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை, சீட்டு அப்படித்தான் வந்தது. அவள் வார்டுக்குள் நுழைந்தபோது சங்கிலிமுத்து கதவு வரைக்கும் நடந்து வந்து வரவேற்றார்.

"பாத்தியா தாயி, பத்தே நிமிஷத்துல வந்துட்டேன். காத்து மாதிரி நடக்கறேன்."

"கால் சரியாப் போயிடுச்சே. இன்னும் ஏன் இங்க இருக்கீங்க?"

"டிஸ்சார்ஜ் பண்ணணும்னா முள்ளை எடுத்த டாக்டரோட பதிவு நம்பரைக் கம்ப்யூட்டர் கேக்குதாம். உனக்குத்தான் நம்பரே இல்லையே. அதனால அவங்களைப் பொறுத்தவரைக்கும் முள்ளு இன்னும் உள்ளதான் இருக்கு." சங்கிலிமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு ஒரு குறையும் இல்ல தாயி. மாத்திரையை நிறுத்திட்டாங்க. காலையில ரொட்டி, பால். கட்டுரையில என் போட்டோ வந்திருக்குன்னு பெட்டையும் ஜன்னல் பக்கமா மாத்திக் குடுத்துட்டாங்க. குளத்துக்குத் திரும்பிப் போனா என்னை யாரு மதிக்கறா? நீ சொல்லு, எங்க வலிக்கணும்?"

மதுவந்தி அந்தக் காலைத் திருப்பிப் பார்த்தாள். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. அவள் மருந்து வைத்துக் கட்டின இடத்தில் ஒரு சின்ன வடு மட்டும் இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. படிக்க வந்த இத்தனை வருடத்தில் அவள் குணப்படுத்தின ஒரே நோய் அது. இப்போது அது குணமாகவில்லை என்று அவளே சொல்ல வேண்டும்.

யானையும் பாம்பும் வந்தார்கள்.

"முள்ளு தெரியுதா?" என்றார் டாக்டர் நாகசுந்தரம்.

உண்மை நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. சார், இங்கே முள் இல்லை, பாட்டிலில் இருக்கிறது, எடுத்தது நான் என்று சொன்னால் போதும். டாக்டர் வேழமுத்து மூடி திறந்த பேனாவோடு நின்றார். சங்கிலிமுத்து ஓட்டுக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடாலியை எடுத்த அப்பா, பலகைமேல் உட்கார்ந்த அம்மா, அடுத்த ஆறு மாதம், அதற்கடுத்த ஆறு மாதம் எல்லாம் அவள் கண்முன் வந்துபோயின.

"தெரியுது சார்."

"நீளம்?"

"ஒன்றரை அங்குலம் சார். கருவேல முள். நுனி கறுத்திருக்கு, அடியில லேசா வளைவு. விரல் பக்கமிருந்து உள்ள ஏறி, குதிகால் பக்கமா சாஞ்சிருக்கு."

டாக்டர் வேழமுத்துவின் காதுகள் விசிறிபோல விரிந்தன. மியூசியத்துப் பாட்டிலில் இருந்ததை அவரே ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார். காலையிலிருந்து வெளியே காத்திருந்த பிள்ளைகளில் ஒருவர் ரோஜா முள் என்றும், ஒருவர் மீன் முள் என்றும் படித்துவைத்திருந்தார்கள்.

"எப்படிம்மா இவ்வளவு துல்லியமாச் சொல்ற?"

"நல்லாப் பாத்தேன் சார்" என்றாள் மதுவந்தி. அன்றைக்கு அவள் சொன்னதில் அது ஒன்றுதான் பொய் இல்லை.

பாம்பு வால் நுனியால் அந்த வடுவை அழுத்தியது. சங்கிலிமுத்து பேசாமல் இருந்தார். பாம்பு வாலை எடுத்துச் சுருட்டிக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டது. யானை ஒரு முறை தும்மியது. அதற்கப்புறம் சங்கிலிமுத்து, "ஆ" என்றார்.

"வலி தாமதமா வருது" என்றார் டாக்டர் நாகசுந்தரம் ஆர்வத்தோடு. "நரம்பும் பாதிச்சிருக்கலாம். இன்னொரு கட்டுரைக்கு இடம் இருக்கு டாக்டர்."

டாக்டர் வேழமுத்து மார்க் தாளைத் துதிக்கையால் பிடித்துக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"சரி. இந்த நோயாளிக்கு என்ன சிகிச்சை குடுப்ப?"

முள்ளை எடுக்க வேண்டும் சார் என்று சொல்லத்தான் மதுவந்தி வாயைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே அடுத்த பேட்ச் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மான்குட்டி, இரண்டு உடும்பு, காக்கை வளர்த்த ஒரு குயில். எல்லார் கையிலும் ஒரு காகிதம் இருந்தது. மதுவந்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"முள்ளைத் தொடக்கூடாது சார். வார்டுலயே வச்சுக் கண்காணிக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மறுபடியும் பாக்கணும்."

யானையும் பாம்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் துறை தொடங்கிய நாளிலிருந்து யாருக்கும் போடாத மார்க்கை டாக்டர் வேழமுத்து போட்டார். பிறகு துதிக்கையை நீட்டிக் கை குலுக்கி, "வாங்க டாக்டர்" என்று அவளை முதல் தடவையாக மரியாதையோடு கூப்பிட்டார். சங்கிலிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. நொண்டிக்கொண்டே பெட்டுக்குத் திரும்பினார்.

நீதி: முள்ளை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எடுத்த முள்ளை அதே காலில் மறுபடியும் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் பட்டம்.